உலகம் ஐந்தா, பேருலகம் மூன்றா? உயிரின வகைப்பாட்டின் எண்ணிக்கை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது

பள்ளிப் புத்தகம் உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரிக்கிறது. கல்லூரியில் நுண்ணுயிரியல் எடுத்தால் மூன்று பேருலகங்கள் என்கிறார்கள். 2015-க்குப் பிறகு வந்த ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் பேருலகம் இரண்டுதான் என்ற வாதம் வலுத்திருக்கிறது. 2024-இல், பாக்டீரியாவையும், அதைப்போலவே உட்கரு இல்லாத ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றுக்கே ஏழு உலகப் பெயர்கள் முறைப்படி வெளியாயின. நீட் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்தால் எதைத்தான் நம்புவது?

இத்தனை எண்களையும் ஒரே கேள்விக்கான விடைகளாக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ‘இந்த உயிர் எப்படிப்பட்டது, எப்படிப் பிழைக்கிறது’ என்று கேட்டதற்கு வந்த விடை, ஐந்து உலகம். ‘இது யார் வழி வந்தது’ என்று கேட்டதற்கு வந்த விடை, பேருலகம். இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பழைய எல்லைகள் உடைந்தன. எந்த மருந்து எந்தக் கிருமியைக் கொல்லும், எந்தப் பூஞ்சாணக்கொல்லி எந்தப் பயிர் நோயில் பலிக்காது என்பவற்றுக்கும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் விளக்கம் கிடைக்கிறது.

சொற்கள்

வகைப்பாட்டின் படிகள் மேலிருந்து கீழாக: பேருலகம், உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். நெல்லை எடுத்தால், பேருலகம் யூகேரியா, உலகம் பிளாண்டே, பேரினம் ஒரைசா, சிற்றினம் ஒரைசா சட்டைவா. இவை தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்குகள். இலங்கைப் பாடநூல்களில் பேருலகம் என்பது பேரிராச்சியம், உலகம் என்பது இராச்சியம், தொகுதி என்பது கணம், பேரினம் என்பது சாதி, சிற்றினம் என்பது இனம். ஒரே மொழியில் எழுதப்பட்ட இரண்டு புத்தகங்களை அருகருகே வைத்துப் படிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

உட்கரு இல்லாத செல் உடையவை புரோகேரியோட்டுகள். உட்கரு உள்ளவை யூகேரியோட்டுகள். இந்த இரண்டு சொற்களும் அடிக்கடி வரும்.

ஐந்து உலகம் எதை வைத்துப் பிரித்தது

லின்னேயஸ் 1735-இல் இயற்கையை விலங்கு, தாவரம், கனிமம் என்று மூன்றாகப் பகுத்தார். ஓடாதது, மண்ணில் ஊன்றி நிற்பது என்பதால் காளான் தாவரங்களோடு சேர்ந்தது. 1866-இல் எர்னஸ்ட் ஹெக்கல் நுண்ணுயிர்களுக்காகப் புரோட்டிஸ்டா என்ற மூன்றாவது உயிருலகைச் சேர்த்தார். 1938-இல் ஹெர்பர்ட் கோப்லண்ட், உட்கரு இல்லாதவற்றை மொனிரா என்று பிரித்து நான்காக்கினார். 1969-இல் ராபர்ட் விட்டேக்கர் பூஞ்சைகளுக்குத் தனி உலகம் கொடுக்க, ஐந்து ஆயிற்று.

விட்டேக்கரின் முறையை மூன்று கேள்விகளாகச் சுருக்கலாம்.

1. செல்லில் உட்கரு உண்டா? இல்லையென்றால் மொனிரா.
2. உட்கரு இருந்தும் பெரும்பாலும் ஒரு செல்லாகவே வாழ்கிறதா? அப்படியானால் புரோட்டிஸ்டா.
3. பல செல் உயிரென்றால் உணவு எப்படிக் கிடைக்கிறது? ஒளிச்சேர்க்கை செய்தால் தாவரம், வெளியே செரித்து உறிஞ்சினால் பூஞ்சை, உள்ளே விழுங்கிச் செரித்தால் விலங்கு.

இதில் பெரிய ஆதாயம் பூஞ்சையைத் தாவரத்திலிருந்து பிரித்ததுதான். காளான் இழைகள் நொதிகளை வெளியே சுரந்து, மட்கிய மரத்தை அங்கேயே கரைத்து, கரைசலை உறிஞ்சுகின்றன. செல்சுவர் கைட்டினால் ஆனது. சேமிப்புப் பொருள் ஸ்டார்ச் கிடையாது, நம் கல்லீரலில் உள்ளதைப் போன்ற கிளைக்கோஜன். இப்படிப்பட்ட ஒன்றைச் செடி கொடிகளோடு வைத்திருந்தது பெரிய பிழை. அதைத் திருத்தியதாலேயே ஐந்து உலகம் இத்தனை ஆண்டுகள் பாடப்புத்தகத்தில் நின்றிருக்கிறது.

ஆனால் மற்ற இரண்டு உலகங்கள் பலவீனமானவை. மொனிராவின் அடையாளம், உட்கரு இல்லை என்ற ஓர் இன்மை மட்டுமே. இல்லாத ஒன்றை வைத்து உறவு சொல்ல முடியாது. முதுகெலும்பு இல்லை என்பதற்காக மண்புழுவும் நண்டும் சிலந்தியும் ஒரு குடும்பம் ஆகிவிடுமா? புரோட்டிஸ்டாவின் நிலை இன்னும் மோசம். மற்ற நான்கில் அடங்காத யூகேரியோட்டுகள் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அது.

ஒரே வெட்டில் விழும் கிளை

இன்றைய வகைப்பாட்டியலின் அடிப்படை விதியை ஒரு மரத்தை வைத்தே சொல்லிவிடலாம். உயிர்கள் எல்லாம் ஒரே மரத்தின் நுனித்தளிர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவைத் தனியே எடுக்க ஒரே ஓர் இடத்தில் வெட்டினால் போதும், அதன் உறுப்பினர் அனைவரும் விழுவார்கள், வேறு யாரும் விழமாட்டார்கள் என்றால் அது இயற்கையான குழு. ஒற்றை மூதாதைக் குழு என்று அதைச் சொல்லலாம். பல இடங்களில் வெட்ட வேண்டியிருந்தாலோ, விழுந்த கிளையிலிருந்து சிலவற்றைக் கழிக்க வேண்டியிருந்தாலோ அது வசதிக்காகச் சேர்த்த கூட்டம்.

விலங்குகள் இந்தச் சோதனையில் தேறுகின்றன. பூஞ்சைகளும், நீர்ப்பூஞ்சை முதலிய சில போலிகளை நீக்கிய பின், தேறுகின்றன. புரோட்டிஸ்டா தேறவே இல்லை. அமீபா, பாரமீசியம், மலேரியாக் கிருமி, டயாட்டம், யூக்ளினா ஆகியவை மரத்தின் வெவ்வேறு மூலைகளில் கிடக்கின்றன. அமீபாவுக்கு யூக்ளினாவை விடக் காளானும் மனிதனும் நெருங்கிய உறவு.

சரி, மரத்தின் வடிவம் எப்படித் தெரியும்? எலும்பும் இலையும் பூவும் உள்ள உயிர்களை ஒப்பிடலாம். நுண்ணோக்கியில் வெறும் உருண்டையாகவும் கோலாகவும் தெரியும் பாக்டீரியாக்களில் எதை ஒப்பிடுவது?

1977: ரைபோசோம் சொன்ன சாட்சி

இலினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் தேர்ந்தெடுத்தது, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறு துணை அலகில் உள்ள ஆர்.என்.ஏ. புரோகேரியோட்டுகளில் இதன் பெயர் 16எஸ், நீளம் ஏறத்தாழ 1,500 எழுத்துகள். ஈ.கோலி என்ற பாக்டீரியாவில் 1,542. யூகேரியோட்டுகளில் இதற்கு இணையானது 18எஸ். ஏன் இந்த மூலக்கூறு?

1. புரதம் தயாரிக்காத செல் கிடையாது. ஆகவே எல்லா உயிரிலும் இது இருக்கிறது.
2. எல்லாவற்றிலும் இதற்கு ஒரே வேலை. வேலை மாறாததால் எழுத்துகள் மிக மெதுவாகவே மாறுகின்றன. சில பகுதிகள் ஏறக்குறைய மாறவே இல்லை, சில பகுதிகள் ஓரளவு மாறுகின்றன. நெருங்கிய உறவுக்கும் தொலைதூர உறவுக்கும் ஒரே அளவுகோல் உதவுகிறது.
3. ஒரு செல்லில் ஆயிரக்கணக்கில் இருப்பதால் பிரித்தெடுப்பது எளிது.

அன்று மரபெழுத்துகளை வரிசையாகப் படிக்கும் கருவிகள் இல்லை. கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 கலந்த ஊடகத்தில் கிருமியை வளர்த்து, ஆர்.என்.ஏ.வை எடுத்து, ஜி என்ற எழுத்துக்குப் பின்னால் மட்டும் வெட்டும் டி1 நொதியால் துண்டாக்கினார்கள். துண்டுகளை இரு திசைகளில் மின்புலத்தில் ஓடவிட்டு, எக்ஸ்ரே படத்தில் விழுந்த கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஓர் உயிரிக்கு ஒரு துண்டுப் பட்டியல். இரண்டு பட்டியல்களில் எத்தனை துண்டுகள் பொதுவாக உள்ளன என்று எண்ணுவதுதான் ஒப்பீடு.

வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977 நவம்பரில் வெளியிட்ட அட்டவணையில் 13 வரிசைகள். ஈஸ்ட், லெம்னா என்ற நீர்ச்செடி, எலிச் செல், ஈ.கோலி, தொண்டை அடைப்பான் கிருமி, நீலப்பசும்பாசி ஒன்று, லெம்னாவின் பசுங்கணிகம், மாட்டின் இரைப்பையில் வாழும் ஒன்று உட்பட நான்கு மீத்தேன் ஆக்கிகள் அவற்றில் அடக்கம். இரண்டு செய்திகள் தெளிவாக வெளிப்பட்டன. லெம்னாவின் பசுங்கணிகம் லெம்னாவோடு சேரவில்லை, பாக்டீரியாக்களின் பக்கம் சேர்ந்தது. பசுங்கணிகம் என்பது முன்னொரு காலத்தில் செல்லுக்குள் குடிபுகுந்த நீலப்பசும்பாசி என்று லின் மார்குலிஸ் 1967-இல் வாதிட்டதற்கு இது கைமேல் சான்று. இரண்டாவதாக, மீத்தேன் ஆக்கிகள் ஈ.கோலியோடும் சேரவில்லை, ஈஸ்டோடும் சேரவில்லை. இரண்டிலிருந்தும் வெகு தொலைவில் தனியாக நின்றன.

உட்கரு இல்லாததெல்லாம் பாக்டீரியா என்ற கணக்கு அங்கே முடிந்தது. 1990-இல் வோஸ், ஓட்டோ காண்ட்லர், மார்க் வீலிஸ் மூவரும் உலகத்துக்கு மேலே ஒரு படியைச் சேர்த்து பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்ற மூன்று பேருலகங்களை முன்வைத்தனர். மீத்தேன் ஆக்கிகள் சேர்ந்தது ஆர்க்கியாவில்.

ஆர்க்கியா எந்த விதத்தில் வேறு

வெறும் எழுத்து ஒப்பீட்டை வைத்து ஒரு பேருலகமா என்று அன்று பலர் தயங்கினர். செல்லின் வேதியியல் அந்தத் தயக்கத்தைப் போக்கியது.

பாக்டீரியாவின் செல் சவ்வில் கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் பிணைப்பால் கிளிசராலோடு இணைந்துள்ளன. நம் சவ்விலும் அப்படியே. ஆர்க்கியாவில் கொழுப்பு அமிலமே இல்லை. ஐசோப்ரீன் சங்கிலிகள் ஈதர் பிணைப்பால் இணைந்துள்ளன, கிளிசராலின் வடிவமும் கண்ணாடி பிம்பம்போல் எதிர்ப்பக்கம். பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கான் ஆர்க்கியாவில் கிடையாது. அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் பென்சிலின் அதனால்தான் ஆர்க்கியாவிடம் பலிப்பதில்லை. மறுபுறம், மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி ஆர்க்கியாவிலும் நம்மிலும் ஒரே சாயலில் இருக்கிறது. பாக்டீரியாவின் அதே நொதி எளிமையானது, வேறு அமைப்புடையது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அந்த வேற்றுமையைப் பிடித்துக்கொண்டுதான் கிருமியின் நொதியை முடக்கி, நம் நொதியை விட்டுவிடுகிறது.

ஆர்க்கியா எங்கோ எரிமலை வாயில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். சாண எரிவாயுக் கலனில் மீத்தேனை உருவாக்கும் கடைசிக் கட்ட வேலை முழுக்க இவற்றுடையது. தண்ணீர் கட்டிய நெல் வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனும் இவை செய்ததுதான். உப்பளப் பாத்திகள் காய்ந்து செறியும்போது இளஞ்சிவப்பாக மாறுவதிலும் உப்பை நாடும் ஆர்க்கியாக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று எப்படிச் செய்கிறார்கள், எங்கே தவறுகிறது

இப்போது ஒரு கிருமியின் இடத்தைக் கண்டுபிடிப்பது கல்லூரி ஆய்வகத்திலேயே முடிகிற வேலை. டி.என்.ஏ.வைப் பிரித்து, 27எஃப், 1492ஆர் என்ற பிரைமர்களால் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) 16எஸ் மரபணுவை பி.சி.ஆரில் பெருக்கி, எழுத்துகளைப் படித்து, தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு மரம் வரைகிறார்கள். மிக நெருங்கிய பதிவோடும் ஒற்றுமை ஏறத்தாழ 98.7 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் புதிய சிற்றினமாக இருக்க வாய்ப்புண்டு. அதற்கு மேலே இருந்தால் 16எஸ் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிட வேண்டும், அங்கே எல்லை 95 முதல் 96 விழுக்காடு.

அடிக்கடி நேரும் மூன்று தவறுகள்:

1. இலையிலோ வேரிலோ உள்ள பாக்டீரியாக்களைத் தேடும்போது பட்டியலில் பெரும்பங்கு நீலப்பசும்பாசி என்று வரும். அது செடியின் சொந்தப் பசுங்கணிகம். அதன் மரபணுவும் 16எஸ் வகையே. பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா இரண்டின் வரிசைகளையும் முதலில் கழித்துவிட்டே கணக்கைத் தொடங்க வேண்டும்.
2. கலப்பு மாதிரியில் பி.சி.ஆர். ஒரு கிருமியின் துண்டை இன்னொன்றின் துண்டோடு ஒட்டிவிடும். உலகில் இல்லாத ஒரு ‘புதிய’ உயிரி பிறந்துவிடும்.
3. வேகமாக மாறும் வரிசைகள், உறவே இல்லாவிட்டாலும், மரத்தில் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நீண்ட கிளை ஈர்ப்பு என்பது இதற்குப் பெயர். மைக்ரோஸ்போரிடியா என்ற ஒட்டுண்ணிகளை மைட்டோகாண்ட்ரியா வருவதற்கு முன்பே பிரிந்த ஆதி யூகேரியோட்டுகள் என்று பல ஆண்டுகள் நம்பியதற்கு இதுவே காரணம். அவை பூஞ்சைகளின் உறவினர் என்பது பின்னர் தெரிந்தது, அவற்றுள் சுருங்கிப்போன மைட்டோகாண்ட்ரியா எச்சமும் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

மூன்றாவது தவறுதான் மிக ஆபத்தானது. முதல் இரண்டை மென்பொருள் பிடித்துவிடும். இது மட்டும் அழகான, உறுதியான மரமாகவே தோன்றும்.

புரோட்டிஸ்டா கலைந்ததால் வயலிலும் மருத்துவமனையிலும் என்ன மாற்றம்

யூகேரியோட்டுகளை இன்று சில பெருங்கிளைகளாகப் பிரிக்கிறார்கள். விலங்கும் பூஞ்சையும் ஒரே கிளை. பெரும்பாலான அமீபாக்கள் அதற்கு அடுத்த கிளை. நிலத்தாவரங்கள், பச்சைப்பாசி, சிவப்புப்பாசி ஒரு கிளை. டயாட்டம், பழுப்புக் கடற்பாசி, பாரமீசியம், மலேரியாக் கிருமி இன்னொரு கிளை. யூக்ளினா வேறொரு கிளை.

இது வெறும் பெயர்ப்பலகை மாற்றமில்லை என்பதற்கு உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகல் நல்ல எடுத்துக்காட்டு. 1845 முதல் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் மடியக் காரணமான நோய் இது. நீலகிரித் தோட்டங்களிலும் இருக்கிறது. 1876-இல் அன்டன் டி பாரி இதை உண்டாக்குவதற்கு ஃபைட்டாப்தோரா என்று பெயரிட்டார். இழை இழையாக வளர்வதால் பூஞ்சை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையில் இது நீர்ப்பூஞ்சை என்ற வகை, டயாட்டத்துக்கும் பழுப்புக் கடற்பாசிக்கும் உறவு. செல்சுவரில் கைட்டினுக்குப் பதிலாகப் பெரும்பாலும் செல்லுலோஸ் போன்ற குளுக்கான்கள். ஈரமான இலையில் இரண்டு கசையிழைகள் கொண்ட வித்துகளாக நீந்துகிறது.

விளைவைப் பாருங்கள்:

- அசோல் வகை மருந்துகள் பூஞ்சையின் எர்கோஸ்டெரால் உற்பத்தியைத் தடுப்பவை. ஃபைட்டாப்தோரா எர்கோஸ்டெராலைத் தயாரிப்பதே இல்லை. தடுக்க அங்கே ஒன்றுமில்லை.
- கார்பென்டாசிம் பூஞ்சையின் டியூபுலின் புரதத்தைப் பிடிப்பது. நீர்ப்பூஞ்சையில் அந்தப் புரதத்தில் அது பிடிபடாது.
- மெட்டலாக்சில் நேர்மாறு. நீர்ப்பூஞ்சையை முடக்கும், உண்மைப் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. தொடர்ந்து தனியாகத் தெளித்தால் எதிர்ப்புத்திறன் விரைவில் வந்துவிடுவதால் மான்கோசெப்போடு கலந்தே விற்கிறார்கள்.

மிளகின் விரைவு வாடல், இஞ்சியின் மென்னழுகல், தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் வரும் நாற்றழுகல் ஆகியவற்றிலும் ஃபைட்டாப்தோராவோ அதன் உறவான பித்தியமோதான் முக்கியக் குற்றவாளி. இவற்றுக்குக் கார்பென்டாசிமைக் கரைத்து ஊற்றுவது பணத்தை மண்ணில் கொட்டுவதற்குச் சமம். கடையில் இரண்டுமே ‘பூஞ்சாணக்கொல்லி’ என்ற ஒரே அடுக்கில் இருப்பதால் இந்த இழப்பு ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி: இது உண்மைப் பூஞ்சையா, நீர்ப்பூஞ்சையா?

மலேரியாவில் கதை வேறு திசையில் போகிறது. மலேரியாக் கிருமி யூகேரியோட். டாக்சிசைக்ளின் பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்கும் மருந்து. இருந்தும் மலேரியாத் தடுப்புக்கு அதைக் கொடுக்கிறார்கள். கிருமியின் மூதாதை எப்போதோ ஒரு சிவப்புப்பாசிச் செல்லை விழுங்கியது. அதன் பசுங்கணிகம் நிறமிழந்து, ஒளிச்சேர்க்கை இழந்து, இன்றும் உள்ளே இருக்கிறது. அந்தப் பசுங்கணிகமோ ஆதியில் நீலப்பசும்பாசி, அதாவது பாக்டீரியா. அதன் ரைபோசோமில்தான் டாக்சிசைக்ளின் வேலை செய்கிறது.

விலங்கும் பூஞ்சையும் நெருங்கிய உறவு என்பதன் விலையும் மருத்துவத்தில் தெரிகிறது. பூஞ்சைச் செல்லில் உள்ளதில் பெரும்பாலானவை நம் செல்லிலும் உள்ளன. தாக்கக்கூடிய வேற்றுமைகள் குறைவு. 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது தட்டுப்பாடான ஆம்ஃபோடெரிசின் பி, பூஞ்சையின் எர்கோஸ்டெராலைப் பிடிக்கும் மருந்து. நம் கொலஸ்டிராலும் அதற்கு ஓரளவு ஒத்திருப்பதால் நம் செல்களையும் கொஞ்சம் தொடுகிறது. அந்த மருந்து ஏற்றும்போது சிறுநீரகச் செயல்பாட்டை விடாமல் கண்காணிப்பதன் காரணம் இதுவே.

மூன்று இரண்டாகிறதா

மூன்று பேருலக மரத்தில் ஆர்க்கியாவும் யூகேரியாவும் அக்கா தங்கை. யூகேரியா ஆர்க்கியாவுக்கு உள்ளிருந்தே கிளைத்தது, ஆகவே மகள் முறை என்று ஜேம்ஸ் லேக் 1984-லேயே சொன்னார். அன்று ஆதாரம் போதவில்லை.

2015-இல் கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே, கடலடியில் 3,283 மீட்டர் ஆழத்து வண்டலில் கிடைத்த டி.என்.ஏ.விலிருந்து லோக்கி ஆர்க்கியாவின் மரபணுத்தொகுதியைக் கணினியில் கட்டியெழுப்பினர். ஆக்டின் போன்ற, யூகேரியோட்டுகளுக்கே உரியவை என்று நினைத்த புரதங்களின் மரபணுக்கள் அதில் இருந்தன. இதன் உறவுக்கூட்டம் முழுவதற்கும் பின்னர் ஆஸ்கார்டு ஆர்க்கியா என்று பெயர் வந்தது. உயிரியைக் கண்ணால் காணாமல் துண்டுகளிலிருந்து ஒட்டியது என்பதால் கலப்படமாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2,533 மீட்டர் ஆழத்து வண்டலை எடுத்து, மீத்தேன் ஊட்டிய கலனில் ஐந்தாண்டுகளுக்கு மேல் வைத்து, மொத்தம் 12 ஆண்டு உழைப்பில் அத்தகைய ஆர்க்கியா ஒன்றை வளர்த்து 2020-இல் வெளியிட்டனர். ஈ.கோலி 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இது இரட்டிக்க 14 முதல் 25 நாள். நீண்ட கிளைகளை நீட்டும் மிகச் சிறிய உருண்டை, உடன் துணையாக வேறொரு நுண்ணுயிர் இல்லாமல் வாழாது.

யூகேரியா இந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து வந்ததென்றால், ‘யூகேரியா நீங்கலாக ஆர்க்கியா’ என்பது வெட்டிய கிளையிலிருந்து ஒரு பகுதியைக் கழித்த குழு. ஒரே வெட்டு விதிப்படி அது செல்லாது. மிஞ்சுவது பாக்டீரியா, ஆர்க்கியா என்ற இரண்டு. இன்றைய சான்றுகள் இந்தப் பக்கமே சாய்கின்றன. ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. நம் சவ்வு ஆர்க்கியாவின் ஈதர் சவ்வாக இல்லாமல் பாக்டீரியாவின் எஸ்டர் சவ்வாக இருப்பது எப்படி? மைட்டோகாண்ட்ரியாவாக மாறிய பாக்டீரியா கொண்டுவந்திருக்கலாம். இடைப்பட்ட கட்டத்தைக் காட்டும் உயிரி இதுவரை கையில் இல்லை.

வைரஸ் எங்கே

வைரஸுக்கு ரைபோசோம் இல்லை. ஆகவே 16எஸ் மரத்தில் அதற்கு இடமில்லை. எல்லா வைரஸுக்கும் பொதுவான ஒரு மரபணுகூட இல்லாததால், அவற்றுக்கு ஒரே மரம் என்பதும் இல்லை. பன்னாட்டுக் குழு ஒன்று அவற்றைத் தனி வரிசையில் வகைப்படுத்துகிறது. கொரோனா வைரஸ் அங்கே ரைபோவிரியா என்ற உச்சப் பிரிவிலும், அதன் கீழ் ஆர்த்தோர்னாவிரே என்ற உலகத்திலும் வருகிறது. அங்கும் ‘உலகம்’ என்ற படி இருப்பதால், தாவர உலகத்தோடு ஒத்த நிலை என்று மயங்கக் கூடாது.

எங்கே எதை எழுதுவது

பள்ளித் தேர்விலும் நீட் தேர்விலும் வினா விட்டேக்கரை மையமாக வைத்தே வரும். நீலப்பசும்பாசி மொனிரா, யூக்ளினா புரோட்டிஸ்டா என்றே எழுத வேண்டும். உயிரினப் பட்டியல்கள் பலவற்றில் 2015-இல் ருஜியேரோ குழு வெளியிட்ட ஏழு உலக முறை இருக்கிறது. பாக்டீரியா, ஆர்க்கியா, புரோட்டோசோவா, குரோமிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு என்பவை அவை. ஃபைட்டாப்தோரா அங்கே குரோமிஸ்டா. நுண்ணுயிரியல் ஆய்வறிக்கை என்றால் 2024-க்குப் பிந்தைய பெயர்கள் வரும். ஈ.கோலி சூடோமோனடாட்டி உலகம். காசநோய்க் கிருமி பேசில்லாட்டி உலகம். தரவுத்தளங்கள் பெயர்களைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால், அறிக்கையில் தளத்தின் பெயரோடு பதிப்பு எண்ணையும் எடுத்த தேதியையும் குறிக்க வேண்டும். இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு பட்டியல்களை அப்படியே ஒட்டினால், ஒரே பாக்டீரியத் தொகுதி ஃபிர்மிக்யூட்ஸ் என்றும் பேசில்லோட்டா என்றும் இரண்டாக எண்ணப்பட்டுவிடும்.